சும்மா என்றால் எவ்வளவு?

அரசாங்கப் பல் கிளினிக்கில் பல்லைப் பிடுங்குவது டாக்டர், உயிரை வாங்குவது கிராணி என்பார்கள். எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் அந்தக் கிராணி, அதாவது குமாஸ்தா, நான்தான். பணம் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஏச்சு வாங்கிய அன்பர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

பெரட்டுக்குப் பல்

பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முனியாண்டி கங்காணி. முன்பல் எல்லாம் போய்விட்டது. விடியற்காலைப் பெரட்டில் ஆஜர் எடுக்க ஆட்கள் பேரைக் கூப்பிட்டால் வெறும் காற்றுதான் வருகிறதாம், சனம் சிரிக்கிறதாம். மாசக் கடைசிக்குள் பல் கட்டாவிட்டால் திரும்ப ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டியதுதான் என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

பல் செட்டுக்குப் பணம் கட்டி மாட்டிக்கொண்டார். "உறுத்துனா வாங்கண்ணே, சரி பண்ணித் தருவாங்க. அதுக்குக் காசு இல்ல, சும்மாதான்" என்றேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மான்னா எவ்வளவு தம்பி?"

ஒரே வாய்

அதே வாரம் ஓர் அக்கா. முன்பு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனவர், இப்போது பக்கத்துப் பல்லையும் அதே காசில் பிடுங்கச் சொல்லி வந்து நின்றார். இது வேறு பல், வேறு கட்டணம் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். காசு கட்ட வேண்டியவர்கள்தான் இப்படிச் சும்மா கேட்பார்கள்.

"நான் என்ன ரெண்டு வாயா கொண்டாந்தேன்? ஒரே வாய்தானே லா!"

சாணைக்கல் வைத்தியம்

கங்காணி வரவே இல்லை. ஈறு புண்ணாகியும் காசு கேட்பார்கள் என்று பயந்து, பால்வெட்டுக் கத்தி தீட்டும் கல்லில் பல் செட்டைத் தானே தேய்த்திருக்கிறார். அது இரண்டாகப் பிளந்ததும்தான் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஓடி வந்தார். எங்கள் யாழ்ப்பாணத்து டாக்டர் பார்த்துவிட்டு, "இது ஒட்டாது, புதுசாத்தான் கட்ட வேணும்" என்றார். புதுசு என்றால் புதுக் கட்டணம்.

புதுப் பல் வருவதற்குள் மாசம் முடிந்து, கங்காணி வேலை அவர் மச்சானுக்குப் போய்விட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சும்மான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஏண்ணே வரல?" என்று கத்தியே விட்டேன். அவர் புதுப் பல்லை மாட்டிக்கொண்டு, திருத்தமாகச் சொன்னார்:

"தோட்டத்துல சும்மா அரிசி குடுத்தான், சம்பளத்துல புடிச்சான். சும்மா கம்பளி குடுத்தான், அதையும் புடிச்சான். நீ மட்டும் என்ன, புதுசாவா சும்மா குடுக்கப் போற?"

அன்றிலிருந்து நான் யாரிடமும் சும்மா என்று சொன்னதில்லை, "முன்னமே காசு கட்டிட்டீங்க, வராட்டி உங்களுக்குத்தான் நட்டம்" என்பேன், கூட்டம் தாங்க முடியவில்லை.