காடு என்று சொன்ன கார்

சும்மா சொல்லக்கூடாது, வவுனியாவில் நான் வாங்கிய அந்தப் பழைய சின்னக் காருக்கு நல்ல குணங்களும் இருந்தன. பெற்றோல் மணத்திலேயே ஓடும். எந்த ஒடுங்கிய ஒழுங்கையிலும் திரும்பும். கெட்ட குணங்களைச் சொல்லப்போனால், பள்ளத்தில் இறங்கினால் அடி இடிக்கும். முன் சில்லுப் பக்கம் யாரோ கதவைத் தட்டுவது போல 'டொக், டொக்' என்று சத்தம். ஏசியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனால் எஞ்சின் பொசுக்கென்று நின்றுவிடும். விற்ற மனிசன் இதில் ஒன்றைக்கூட வாய்திறந்து சொல்லவில்லை. "ராசியான கார், தங்கச்சி" என்றார். நல்ல ராசி!

இன்னொன்றையும் அவர் சொல்லவில்லை. ஸ்டார்ட் செய்ததும் உள்ளேயிருந்து ஒரு பெண் பேசுவாள். ஜப்பான்காரி. மெல்லிய, மரியாதையான குரல். ஒரு வசனம்தான், பிறகு அமைதி. அவள் என்ன சொன்னால் எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். அம்மாவின் கண் ஒப்பரேசனுக்காகவே நான் அந்தக் காரை வாங்கினேன். ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் வரமாட்டேன் என்று அவர் இரண்டு வருடமாக அடம்பிடித்தார். "பாக்கிறதுக்கு இனி என்ன கிடக்கு?" என்பார். இன்னும் பிந்தினால் பார்வை திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

முதல்நாள் கிளினிக்குக்குப் போக அம்மாவை முன் சீற்றில் இருத்தி ஸ்டார்ட் செய்தேன். அவள் பேசினாள். அம்மா நிமிர்ந்தார்.

"காடு எண்டுறாள்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா. அது ஜப்பான் பாஷை."

"நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடு பாப்பம்."

போட்டேன். ஐயோ, உண்மைதான். விளங்காத சொற்களுக்கு நடுவே தெளிவாக, "காடு." ஒருதரம் அப்படிக் கேட்டபிறகு காதில் வேறெதுவும் விழவில்லை.

மாங்குளத்துக்கு முன்னர் இரண்டு பக்கமும் காடுதான். ஒரு வளைவில் வீதி உடைந்து கிடந்ததால் வேகத்தைக் குறைத்தேன். எஞ்சின் நின்றது. ஏசியின் வேலைதான், எனக்குத் தெரியும். திறப்பைத் திருகினேன். "காடு" என்றாள் அவள்.

அம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வின்போது, தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் என்று என் தம்பி இறங்கிப் போனது இந்தக் காட்டுக்குள்தான். அவன் திரும்பி வரவில்லை.

"இஞ்சதான். அவள் இடத்தைச் சொல்லுறாள்" என்ற அம்மா மரங்களைப் பார்த்துக் கூப்பிட்டார். "ராசா! ராசா!"

உள்ளே ஒரு குருவிகூடச் சத்தம் போடவில்லை. யாரோ கேட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது. நான் ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

"கண் தெரியாமல் எங்க போறியள்? முதல்ல கண்ணைச் சரியாக்குங்கோ, பிறகு தேடுவம்!"

அந்தச் சொல்லை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஒப்பரேசனைச் செய்யச் சொல்லு" என்றார். இரண்டு வருடமாக மசியாத மனிசி. சொன்னதை நான் திருத்தவில்லை. எனக்கு அவருடைய கண் முக்கியம்.

ஒப்பரேசனுக்காக அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அன்று காரைக் கராஜில் விட்டேன். எஞ்சின் நிற்பதைத் திருத்திய கராஜ்காரர், டாஷ்போட்டுக்குக் கீழே இருந்து கழற்றிய ஒரு சின்னப் பெட்டியையும் என் கையில் வைத்தார்.

"இது அவங்கட நாட்டிலை ரோட்டுக் காசு கட்டுற சாமான், அக்கா. ஸ்டார்ட் பண்ணுற ஒவ்வொருதரமும் கார்ட் போடேல்லை எண்டு சொல்லிக் கரைச்சல் குடுக்கும். அங்கயிருந்து வாற கனக்கக் காரிலை இது இருக்கு."

கார்ட். அதைத்தான் அவள் "காடோ" என்று தன் பாஷையில் சொல்லியிருக்கிறாள். சிரிப்பு வந்திருக்கவேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

அடுத்தநாள் கட்டு அவிழ்த்த அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஸ்டார்ட் ஆனபோது அவளுடைய சத்தமே இல்லை. ஓமந்தை தாண்டி, மாங்குளத்தில் திரும்பி, அந்த வளைவுக்கு வந்ததும் அம்மா "நிப்பாட்டு" என்றார். காட்டை நெடுநேரம் பார்த்தார்.

"திருப்பி ஸ்டார்ட் பண்ணு."

அணைத்துவிட்டுப் போட்டேன். ஒன்றுமில்லை. பெட்டி என் மடியில் கைப்பைக்குள் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். கைப்பையை இன்னும் இறுக்கி மூடினேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அவள் இண்டைக்குச் சொல்லேல்லை. அப்ப அவன் காட்டை விட்டு வெளிக்கிட்டிட்டான். கெதியா விடு பிள்ளை, வீட்டிலை ஒருத்தருமில்லை."

கார் ஒருதரமும் நிற்காமல் ஓடியது. எனக்கும் ஏன் அப்படியொரு அவசரம் பிடித்தது என்று தெரியாது. முன் சில்லு மட்டும் வீடு வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தது.

படலையில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. அம்மா இறங்கிக் கிட்டப் போய், தெளிந்த கண்ணால் அதைப் பார்த்தார்.

"பூட்டிப்போட்டோ வந்தனி?" என்றார். "அப்ப வந்து பாத்திட்டுத் திரும்பிப் போயிருப்பான்."