மாட வீதி சுற்றிய பூட்ஸ்

அப்பா நியூசிலாந்து கிளம்பியதை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது குளியலறை வாளியில் ஊறிய ஒரு ஜோடி பூட்ஸ்தான். மறுநாள் காலை விமானம். நான் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் ஊக்குமாக உட்கார்ந்து, அதன் அடியில் அப்பியிருந்த மயிலாப்பூர்ச் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

அங்கே இருக்கும் தம்பி டிக்கெட்டோடு ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தான். கம்பளிக் காலுறை, மழைக்கோட்டு, தொப்பி, ஆற்றில் நிற்க பூட்ஸ். இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்த தூண்டிலை வீசி மீன் பிடித்து, பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விடுகிற விளையாட்டு என்றால் அவனுக்குப் பைத்தியம். அப்பாவையும் அதற்குக் கூப்பிட்டிருந்தான். வேறு எதற்குக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை, பாவம். ஆறு வருடத்துக்கு முன் விடுமுறையில் வந்தவன், தான் மீன் சாப்பிடுவதாகச் சாப்பாட்டு நேரத்தில் ஒளிக்காமல் சொல்லிவிட்டான். அப்பா பாதியில் எழுந்து கை அலம்பினார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நடுவில் நான்தான் தபால்காரி.

அப்பா வருகிறேன் என்றதே எனக்கு ஆச்சரியம். மொட்டைமாடியில் ஒட்டடைக் கம்பில் கயிறு கட்டி வீசிப் பழகினார். கீழ்வீட்டு மாமியின் புடவை இரண்டு முறை மாட்டியது. உயிருள்ள மீனை எப்படித் தொடுவது என்று கேட்க, என்னையும் இழுத்துக்கொண்டு நொச்சிக்குப்பம் போனார். மீன் விற்கிற அம்மாள் முழுக்கதையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இன்னா சாமி, புடிச்சி திருப்பி வுடறதுக்கா ஏரோப்ளேன் ஏறி போற? கைய நனைச்சிக்கினு தொடு. காஞ்ச கையால தொட்டா மேல் உரிஞ்சி செத்துடும்." அப்பா அதைக் குறித்துக்கொண்டார்.

எல்லாம் சரியாகத்தான் போனது, பூட்ஸ் வரைக்கும். துளி மண் இருந்தாலும் அந்த ஊர் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள், புதுசாகவே கொண்டு வரவும் என்று தம்பி அடிக்கோடு போட்டு எழுதியிருந்தான். அப்பாவோ கிளம்புவதற்கு முதல் நாள், மழை பெய்த விடிகாலையில் அதை மாட்டிக்கொண்டு, கபாலி கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதியும் ஒன்பது சுற்று வந்திருக்கிறார். புது ஸ்கூட்டருக்குச் செய்வதைப் பூட்ஸுக்குச் செய்திருக்கிறார். எலுமிச்சம்பழம் நசுக்காததுதான் பாக்கி!

"கபாலியைச் சுத்தாம ஊர் தாண்டறதாவது?" என்றார். நான் கத்தியதும் முகம் சுருங்கியது. "தடங்கல் வந்துடுத்து. நான் வரலைன்னு அவன்கிட்ட சொல்லிடு."

எனக்கு வந்த கோபத்தில், "நீங்களே ஃபோன் பண்ணிச் சொல்லிக்கோங்கோ. இனிமே நான் யாருக்கும் எதுவும் சொல்றதா இல்லை" என்றேன். சொன்ன பிறகு பயமாகவும் இருந்தது. இந்தத் தடவை போகாவிட்டால் இனி எப்போதும் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

வாளியும் நானுமாக அரைமணி போனது. அப்பா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து குளியலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"ஏண்டி, என் எதிர்க்கவே சாப்பிடுவானோ?"

"அவன் வீடு அது. சாப்பிட்டா என்ன பண்ணுவேள்?"

அப்பா இன்னொரு பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அந்த ஊக்கைக் குடு" என்றார்.

பத்து நாள் கழித்து அங்கிருந்து பேசினார். மீன் மாட்டியதா என்று கேட்டேன்.

"ஒண்ணு மாட்டித்து. அது கெடக்கு. நேத்து அவன் தட்டுல மீன் இருந்தது. பக்கத்துலயே உக்காந்துண்டு நான் மோர் சாதம் சாப்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இன்னும் கொஞ்சம் சாதம் போடுடான்னேன்."