தையல்காரர் போட்ட மரத்தளம்

வாயில் நாலு திருகாணியைக் கவ்விக்கொண்டேதான் பேசுவார். முப்பது வருடமாகக் குண்டூசியைக் கவ்விப் பழகிய உதடுகள். கழுத்தில் அளவு நாடா, சட்டைப் பையில் தையல் சாக்பீஸ். இந்தக் கோலத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் அக்கா வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து உட்காருவார் தையல்காரர். பலகையில் கோடு போட்டு, சட்டைக் கையால் அழித்துவிட்டு, மறுபடி அளப்பார். "இவன் அளக்கறதப் பாத்தா வீட்டுக்கே சட்டை தைப்பான்போல" என்பார் மாமா, அதாவது அக்காவின் கணவர்.

எந்தப் பலகையையும் அரை அங்குலம் கூட்டியே அறுப்பார். தையலுக்கு விடவேண்டுமாம். அது இடத்தில் நுழையாது. "துணின்னா உள்ள மடிச்சிடலாம், இது மடங்க மாட்டேங்குதே" என்று பலகையைக் குறை சொல்லிவிட்டு மறுபடி ரம்பத்தை எடுப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தது அக்காதான். யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டார். வீடு திரும்பிய அன்று தம்பி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"கூடப் பொறந்தவகிட்டப் போய் நன்றி சொல்றியே, வெக்கமா இல்ல? போய் மாத்திரையப் போடு."

அதோடு அந்தச் சொல்லை அவர் எடுத்ததில்லை. காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டார், அக்கா எதற்காவது ஆசைப்படமாட்டாரா என்று. ஒரு மழை நாளில் அக்கா சமையலறைக் கதவைத் திறந்து, வெளியே கிடந்த சேற்றைப் பார்த்து, இங்கே நாலு பலகை இருந்தால் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்று முணுமுணுத்தார். தம்பிக்கு அது போதுமாக இருந்தது.

கனம் தூக்கக்கூடாது என்பது அக்கா போட்ட உத்தரவு. ஆகவே கட்டைகளை மாமா சுமந்து வருவார். இவர் நிறுத்தி முடுக்குவார். நாலாவது ஞாயிறன்று கடைசிப் பலகையையும் சமையலறை வாசலோடு ஒட்டி முடுக்கி, அக்காவைக் கூப்பிட்டார். அக்கா உள்ளிருந்து கதவைத் தள்ளினார். அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு. தளமோ கதவின் அடிவிளிம்பைவிட ஒரு விரற்கடை உயரம். கதவு அசையவில்லை.

மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பரவாயில்லை, முன்பக்கமாகச் சுற்றி வந்துவிடுகிறேன் என்று அக்கா ஜன்னல் வழியாகச் சமாதானம் சொன்னார். தம்பி தலை நிமிரவில்லை.

"எனக்கு நீ சுத்தி வளைச்சா குடுத்த? நேராத்தான் வரணும்க்கா."

அன்றே ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். இன்னும் இரண்டு ஞாயிறு போயிற்று. மாமா புலம்பிக்கொண்டே தளத்தின் கால்களைக் குட்டையாக அறுத்துக் கொடுத்தார். போன வாரம் கதவு தாராளமாகத் திறந்தது.

அக்கா வெறுங்காலோடு நிலைப்படியில் நின்றார். ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டுத் தையல்காரர் மண்டியிட்டார். அக்கா அடியெடுத்து வைக்கவேண்டிய பலகையை உள்ளங்கையால் அழுத்தித் தடவிப் பார்த்தார். காலில் ஏறுகிற சிலாம்பு ஏதும் இல்லை. கையை அடுத்த பலகைக்கு நகர்த்தினார். கை விட்ட இடத்தில் அக்கா காலை வைத்தார். கை முன்னால் போகப் போக, அக்காவின் பாதம் ஒவ்வொரு பலகையாகப் பின்னால் வந்தது.