சமையலறைக்கு மாறிய கூட்டம்

தொண்ணூறுகளின் நடுவில், திருவான்மியூரில் கடற்கரைக்குப் போகும் வழியில், நாங்கள் சில குடும்பங்கள் ஒரே வளாகத்தில் சேர்ந்து வாழ்ந்தோம். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் வாழ வேண்டும் என்ற ஆசைதான் எங்களைச் சேர்த்திருந்தது. பொதுச் சமையலறை, கீரைத் தோட்டம், எருக்குழி. எல்லாவற்றையும் தொடங்கியவர் மயிலாப்பூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. சாயங்காலம் வேப்பமரத்தடியில் கூட்டம் நடக்கும். ஆண்கள் பேசுவார்கள். பெண்கள் நாங்கள் இரவுச் சமையலில் இருப்போம். அதில் ஏதோ தவறு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

என் மகள் பிறந்த கோடையில் கிணற்று நீர் உப்பாகிவிட்டது. லாரித் தண்ணீர்தான் கதி. ஒரு நாள் கூட்டத்திலிருந்து என் கணவர் அடுப்படிக்கு வந்து, “இனிமே ஒரு நாளைக்கு வீட்டுக்கு நாலு குடம்தானாம். சார் சொல்லிட்டாரு” என்றார். வாளி நிறையக் குழந்தையின் துணிகள் கிடந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார் டீச்சர். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். கணவரை இழந்தபின் எங்களோடு வந்து சேர்ந்தவர். என் முகத்தைப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு நேராக வேப்பமரத்தடிக்குப் போனார். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

“சார், இங்க தண்ணி புழங்குறது யாரு?”

“பொம்மனாட்டிகள்தான்.”

“அவங்கள்ல ஒருத்தரையாவது கேட்டீங்களா?”

சார் திகைத்துப் போனார். “நீங்க யாரும் கூட்டத்துக்கே வரதில்லையேம்மா” என்றார். கோபமில்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

“எப்படி வர்றது? நீங்க பேசுற நேரத்துலதான் உங்களுக்குச் சோறு வேகுது. எல்லாரும் உள்ள வாங்க. காய் நறுக்கிக்கிட்டே பேசலாம்.”

அன்று ஆண்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் எடுத்தார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதல் தண்ணீர், அலசிய தண்ணீர் வாழைக்கு, துவைப்பது எல்லோருக்குமான வேலை என்று முடிவானது. மறுநாள் காலையில் என் கணவர், கிழிந்துவிடுமோ என்று பயந்தவர்போல அந்தக் குட்டித் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சார் சில நாள் கூட்டத்துக்கு வரவில்லை. டீச்சரே காபி எடுத்துக்கொண்டு போனார். “இந்த இடமே உங்களால வந்துது சார். அத யாரும் மறக்கல. ஆனா ஒத்தை ஆளா சுமக்க வேணாமே” என்றார். மறுநாள் சார் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தார்.

டீச்சரே தலைமை ஏற்கட்டும் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார்: “மாசத்துக்கு ஒருத்தர் நடத்தட்டும்.”

என் முறை வந்தபோது, மடியில் தூங்கும் மகளோடு கூட்டத்தைத் தொடங்கினேன். சார் கையைத் தூக்கினார்.

“நான் ஒண்ணு சொல்லலாமாம்மா?”

“சொல்லுங்க சார்.”

எருக்குழியை இடம் மாற்ற வேண்டும் என்றார். எல்லோரிடமும் கேட்டேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. “வேண்டாம்னா வேண்டாம்” என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். குழந்தை விழித்துக்கொண்டது. கையை நீட்டி, அவரே அவளை வாங்கிக்கொண்டார்.