நண்டு என்ர பொறுப்பு

காலை 7.20. கொப்பன்ஹேகனில், பிரெடெரிசியா நகருக்குப் போகும் ரயிலில் ஏறினேன். மடியில் ஒரு வாளி. அதற்குள் நூல், உடுப்புக் காயப்போடும் கிளிப்புகள், நாற்பது குரோனருக்கு வாங்கிய மட்டி. எதிரே இருந்தவர் வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

பிரெடெரிசியாவில் இருக்கும் அக்கா கோடையில் ஒருநாள் கடற்கரையில், பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சுவார். அத்தான் கடையில் உறைந்த நண்டு வாங்கி வருவார். இந்த முறை தொலைபேசியில் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "நண்டு என்ர பொறுப்பு." நான் எதையும் பொறுப்பேற்கிற ஆள் இல்லை.

9.40. நிலையத்துக்கு அத்தான் காரோடு வந்திருந்தார்.

"வாளி பெரிசாத்தான் இருக்கு. திரும்பிப் போகேக்க நண்டுக்கும் டிக்கெட் எடுப்பியோ?"

"எடுப்பன் அத்தான்."

"பாப்பம். நான் கடையில ஒண்டும் வாங்கேல்லை, சொல்லிப்போட்டன்."

கடல்மேல் போகும் பழைய பாலத்தைக் கடந்து, மிடில்ஃபார்ட் ஊருக்கு அப்பால் ஒரு சின்னப் படகுத்துறைக்கு இருபது நிமிடம். துறை முழுக்கக் குடும்பங்கள், எல்லோர் கையிலும் நண்டு பிடிக்கும் நூல். அக்கா புல்லில் எரிவாயு அடுப்பை வைத்து இறாலையும் பலாக்கொட்டையையும் அவியப் போட்டார்.

மட்டியை உடைத்து, கிளிப்பில் மாட்டி, நூலில் கட்டிக் கல்லோரம் இறக்க வேண்டும். நண்டு அதைப் பிடித்ததும் அவசரப்படாமல் தூக்க வேண்டும். வாளிக்குள் போடுமுன் மல்லாத்திப் பார்ப்பேன். வயிற்றில் முட்டை இருந்தால் கடலுக்கு. என் உள்ளங்கையைவிடச் சிறிதென்றாலும் கடலுக்கு. மதியத்துக்குள் பதினாறு சேர்ந்தன.

12.15. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு டேனிஷ் பெண் வாளியை எட்டிப் பார்த்து, நண்டு ஓட்டப் போட்டியில் சேருகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். ஓம் என்றால் ஒரு சொல்லோடு முடிந்துவிடும். ஓம் என்றேன்.

சரிவான பலகையில் வரிசையாகத் தடுப்புகள். அடியில் ஒரு தொட்டி இருக்கும் என்று நினைத்தேன். பதினாறையும் பலகையின் மேல் முனையில் விட்டேன். விசில் ஊதினார்கள். என் பதினாறும் ஓடின. பலகை முடிகிற இடத்தில் கடல்தான் இருந்தது.

என் நண்டுதான் முதலாவது. எல்லோரும் கைதட்ட, ஐஸ்கிரீம் சீட்டொன்று பரிசாகக் கிடைத்தது.

"தம்பி, நண்டைக் கொண்டா! கொதிக்குது!" என்று அக்கா கூப்பிட்டார்.

அத்தான் சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே இருந்துவிட்டார். "பரிசோட நிக்கிறான் இஞ்ச! நண்டைக் காணேல்லை!"

அக்கா சிரிக்கவில்லை. கையில் அகப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிவப்புத் தொப்பிப் பெண்ணிடம் போய், "அது எங்கட மத்தியானச் சாப்பாடு" என்று டேனிஷில் சொன்னேன்.

அவர் வாயைப் பொத்தினார். பிறகு துறை முழுவதும் கேட்கக் கத்தினார்: "இந்த மனிசன்ர சாப்பாடு நீந்திப் போட்டுது! எல்லாரும் நூலை இறக்குங்கோ!"

இறக்கினார்கள். நண்டுகளோடு என் முன்னால் வரிசை நின்றது. ஒவ்வொன்றாக மல்லாத்திப் பார்த்தேன்.

"முட்டை. கடலுக்கு."

"சின்னன். கடலுக்கு."

"இது சரி."

தாடி வைத்த ஒருவர் விடவில்லை. "கொஞ்சம்தானே சின்னன்?"

"சின்னன்தான்," என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது. வேலையிடத்தில் ஒரு வருடம் பேசாத டேனிஷை அந்த ஒரு மணித்தியாலத்தில் பேசிவிட்டேன்.

2.00. இருபத்து மூன்று நண்டு. "போதுமடா, இனிப் போட்டா மாக் கரைக்க இடமில்லை," என்றார் அக்கா. கடதாசிக் கோப்பைகளில் துறைக்கே கூழ் போனது. சிவப்புத் தொப்பிப் பெண் ஒரு வாய் குடித்தார். உறைப்பில் கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைத்துவிட்டு, இன்னும் வேண்டுமென்று கோப்பையை நீட்டினார்.

மாலை ரயிலில் வாளி மறுபடி மடியில். நான் பிறந்த மன்னாரில் வலையில் வந்ததெல்லாம் வீட்டுக்குத்தான் போகும். இன்று சட்டிக்குப் போனதைவிடக் கடலுக்குப் போனதுதான் அதிகம். ஆனாலும் ஒருவரும் பசியோடு எழும்பவில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் வெறும் வாளியைப் பார்த்து, "ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார்.

"முதற்பரிசு கிடைத்தது," என்றேன். ரயில் ஓடென்ஸ நிலையத்தைத் தாண்டியும் நான் கதையை முடிக்கவில்லை.