பொட்டு வைத்துப் பந்தயம் விட்ட கம்ப்யூட்டர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கம்பத்தில் லாரி கிளீனர், மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டம், பெரியகுளத்தில் ரேடியோ ரிப்பேர் என்று எதிலும் ஒரு வருஷம் தாக்குப்பிடித்ததில்லை. எண்பதுகளின் கடைசியில் தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒட்டிக்கொண்டேன். வேலை, சோறு, படுக்கை மூன்றும் அங்கேதான். ஏசி அறையில் தூங்குகிறவன் ஊரில் எத்தனை பேர்?

அந்த ஏசிக்கே ஆபத்து வந்தது என் வாயால். புது பிராசஸரோடு ஒரு மதர்போர்டு மதுரைக்கு வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, சென்டரில் இருக்கும் பழைய மெஷினைவிட இரண்டு மடங்கு வேகம் என்று முதலாளி காதைக் கடித்தேன்.

"ஓடலைன்னா?" என்றார்.

"பெட்டியைக் கட்டிக்கிட்டு நானே போயிர்றேண்ணே."

"அது நெசம்லே. ஞாபகம் வச்சுக்க" என்று வாங்க அனுப்பினார். பஸ்ஸில் நின்றுகொண்டே, போர்டைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தேன். நானே கேபினட்டில் பூட்டினேன். ஒவ்வொரு வயரும் என் கை.

போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி தன் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று பார்க்க வந்தார். விளக்கம் எதையும் அவர் கேட்கவில்லை. "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டுங்க. புதுசு நல்லா முந்துனா அதை எடுத்துக்கிறேன்."

எங்களிடம் இருந்ததிலேயே பாரமான வேலை, முதலாளி எழுதிய பில் போடும் புரோகிராமைக் கம்பைல் செய்வது. நாம் எழுதியதை மெஷின் தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ளும் வேலை அது. முடியும்வரை டீ குடித்துவிட்டு வரலாம். ஒரே புரோகிராம், இரண்டு மெஷின், கையில் கடிகாரம். இதைவிட நேர்மையான போட்டி உண்டா?

"பொட்டு வச்சாச்சா?" என்றார் வியாபாரி. "எங்க கடைக்குத் தராசு வந்தப்பவே அப்பா பொட்டு வச்சுத்தான் எடை போட்டாக."

ஓடிப்போய்ச் சந்தனம் குழைத்து வந்தேன். மானிட்டர் நெற்றியில் ஒன்று. கேபினட் முகத்தில் வாகாக ஒரு சதுர இடம், பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு. இரண்டும் மறையக் கட்டைவிரலால் தாராளமாக ஒரு அழுத்து. மேலே குங்குமம். கல்யாணப் பெண் தோற்றாள்.

கிளாஸுக்கு வந்த பையன்கள் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு நிற்கிற மாதிரி இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவன் "விடுறா!" என்று கத்த, இரண்டு மெஷினிலும் ஒரே சமயத்தில் என்டர் தட்டினோம்.

பழசு நான்கு நிமிடம் பத்து நொடி. புதுசு நான்கு நிமிடம் இரண்டு நொடி.

"என்னப்பா," என்றார் வியாபாரி, "ரெண்டு சோடியும் ஒரே நுகத்தடியில பூட்டுன மாதிரி வருது?"

முதலாளி என்னைப் பார்க்காமல், மேஜைக்கடியில் இருந்த என் தகரப்பெட்டியைப் பார்த்தார். வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டார். நான் குனிந்து பெட்டியை வெளியே இழுத்தேன். கண்ணுக்கு நேரே சந்தனப் பொட்டு. அந்த இடத்துக்கு உள்ளே இரண்டு வயர் பூட்டியது நினைவுக்கு வந்தது. டர்போ பட்டன்! வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இருக்கிற பட்டன். அதை அமுக்கி வேகத்தைக் குறைத்தவன் நான். அணைந்துபோன விளக்கையும் சந்தனத்தால் அப்பி மறைத்தவன் நானே.

"ஐயா! மாட்டுக்குப் பொட்டு வச்ச கையோட காலையும் கட்டிப்புட்டேன்! இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை!"

சட்டை நுனியால் துடைத்துப் பட்டனை அமுக்கினேன். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. மறுபடி என்டர். இரண்டு நிமிடத்தைத் தாண்டி மூன்றே நொடியில் புதுசு முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்பதுபோலக் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. பழசு பாதி வழியில் முக்கிக்கொண்டிருந்தது. பையன்கள் போட்ட விசிலில் கீழ்த்தளத்து ஜவுளிக்கடைக்காரரே மாடியேறி வந்துவிட்டார். நான் எதற்கென்று தெரியாமல் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

வியாபாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "இதையே குடுங்க. பொட்டு மட்டும் எங்க வீட்டுல வச்சுக்கிறோம்."

முதலாளி என் தகரப்பெட்டியைக் காலால் மேஜைக்கடியில் தள்ளினார். "இருந்து தொலைலே. ஆனா இனிமே சந்தனக் கிண்ணத்தைத் தொட்ட, கைய ஒடிச்சுப்புடுவேன்."