கீமேன் அமல்ராணியின் வலது இடுப்பு

பேரணிக்கும் மயிலத்துக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர் தண்டவாளம் அமல்ராணியின் பொறுப்பில் இருந்தது. தினமும் காலையில் சுத்தியலும் ஸ்பானரும் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்குவாள். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடித்திருக்கும் கிளிப் ஏதாவது தளர்ந்திருந்தால் ஒரே அடியில் உள்ளே ஏற்றுவாள். விரிசல் கண்டால் சிவப்புக் கொடி. அந்த வேலைக்குப் பெயர் கீமேன். பெண் செய்தாலும் அதே பெயர்தான். அந்தப் பகுதியில் அதைச் செய்த முதல் பெண் அவள். ஊர்க்காரர்கள் ‘கீமேன் அம்மா’ என்று கூப்பிடுவார்கள்.

கண்டமங்கலத்துப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம் அவளுடையது. இருபது கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு நூறு மீட்டர் நடந்து காட்டி, ஒரு கிலோமீட்டர் ஓடிக் காட்டி வாங்கிய வேலை. அதனால் தன் கால்களைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

போன செப்டம்பரில் ஒரு நாள், எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கி நின்று, மறுபடி ஜல்லி மேட்டில் கால் வைத்தபோது வலது இடுப்பில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். எலும்பு இடம் விட்டு நகர்ந்து, திரும்ப வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. வலிக்கவில்லை. ஆனால் மறுநாளும் வந்தது. மாதாகோயிலில் முழங்காலிட்டு எழும்போது வந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறும்போது வந்தது. டிசம்பரில் வலியும் சேர்ந்துகொண்டது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை.

யாருக்கும் தெரியாமல் அவளே அடிக்கடி காலைச் சுழற்றிச் சோதித்துப் பார்ப்பாள். இன்னும் சத்தம் வருகிறதா? வருகிறது. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அப்படிப் பார்த்துவிடுவாள்.

திண்டிவனத்தில் பைக் மெக்கானிக்காக இருக்கும் கணவன் அந்தோணி பிரபுவிடம் கடைசியில் சொன்னாள். அவன் கையை எடுத்துத் தன் இடுப்பின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு காலை மடக்கி நீட்டினாள். உள்ளங்கைக்குக் கீழே ஏதோ துள்ளியது. அவன் சுட்டுக்கொண்டவனைப் போலக் கையை இழுத்துக்கொண்டான்.

“இன்னா அமலு இது, எலும்பு கழண்டு கழண்டு மாட்டுது! இத வச்சிக்கினா தெனமும் நடந்துக்கினு கீற?”

“கத்தாதீங்க. மெடிக்கல்ல தெரிஞ்சா என்ன ஆபீஸ்ல பைல் தூக்க உட்டுருவாங்க.”

அவன் விடவில்லை. ஓர் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனான். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பு தேயவும் இல்லை, நழுவவும் இல்லை என்று சொல்லி, விழுப்புரத்தில் பிசியோதெரபி பார்க்கும் வெனிலாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அமல்ராணிக்கு நம்பிக்கை இல்லை. கழன்று மாட்டுவது அவளுக்குத் தெரிகிறதே!

வெனிலா திருவெண்ணெய்நல்லூர்க்காரி. முப்பது வயதுகூட இருக்காது. சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, “நடங்கக்கா, பாக்கலாம்” என்றாள். நடக்கவிட்டாள். வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னாள். நின்றதும் இடுப்பின் இடப்பக்கம் லேசாகத் தொங்கியது. பிறகு வந்த கேள்வியை அமல்ராணி எதிர்பார்க்கவில்லை.

“லைன்ல எந்தப் பக்கமா நடப்பீங்க?”

“வண்டி எதிர்க்க வர்றது தெரியணுமில்ல? போகசொல்லோ ஒரு லைன் ஓரமா போவேன். வர்றசொல்லோ அந்தாண்ட லைன் ஓரமா வருவேன்.”

வெனிலா ஒரு தாளை எடுத்து இரண்டு கோடு போட்டாள். இரண்டு பக்கமும் ஜல்லி சரிவை வரைந்தாள். போகும் வழியில் ஒரு புள்ளி, வரும் வழியில் ஒரு புள்ளி. “போகும்போது பள்ளம் எந்தக் காலுக்கு?”

“வலது காலுக்கு.”

“வரும்போது?”

அமல்ராணி தாளைத் திருப்பிப் பார்த்தாள். தன் உடம்பையே அந்தத் தாளின் மேல் நடத்திப் பார்த்தாள். “அப்பவும் வலது காலுக்குத்தான்!” ஏழு வருடமாக, போனாலும் வந்தாலும், வலது கால் பள்ளத்திலேயே நடந்திருக்கிறது. ஒரு நாள்கூட அவளுக்கு அது தோன்றியதில்லை.

வெனிலா அதோடு நிறுத்தவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்த ஸ்கேன் சென்டருக்குத் தானே கூட்டிப் போனாள். எக்ஸ்ரே ஒரு போட்டோ மாதிரி, அசையாது. இதில் அசைவதையே பார்க்கலாம் என்றாள். ஸ்கேன் டாக்டரம்மா ஜில்லென்ற பசையைத் தடவி, கருவியை இடுப்பின் பக்கவாட்டில் வைத்தார்.

“இப்ப சத்தம் வர்ற மாதிரி காலை அசைங்க. கண்ண மட்டும் ஸ்கிரீன்ல வைங்க.”

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. தொடை எலும்பு மேலே முடிகிற இடத்தில், பக்கவாட்டில் இருக்கும் முண்டு அது. அதன் மேல் வெள்ளையாக ஒரு நாடா. அமல்ராணி காலை மெல்ல மடக்கினாள். நாடா முண்டின் ஓரத்தில் முட்டி நின்றது. இறுகியது. இன்னும் கொஞ்சம் மடக்கினாள். சட்டென்று அது முண்டைத் தாண்டி மறுபக்கம் குதித்தது. அதே நொடியில் ‘டொக்’.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுபடி அசைத்தாள். மறுபடி குதித்தது. எலும்பு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

“கழண்டது எலும்பு இல்லியா?”

“இல்லக்கா” என்றாள் வெனிலா. “இடுப்புலருந்து முட்டி வரைக்கும் வெளிப்பக்கமா ஓடுற பட்டை இது. சாதாரணமா வழுக்கிக்கினு போயிடும். சரிவுலயே நடந்து நடந்து உங்களுக்கு டைட்டாகி, முண்டுல மாட்டித் தெறிக்குது. அடியில வழுக்குறதுக்காக ஒரு சின்னப் பை இருக்கும். உரசி உரசி அது வீங்கியிருக்கு. வலி அதாலதான்.”

அமல்ராணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முப்பத்தாறு வருடமாகத் தன்னோடு இருக்கும் உடம்பு. உள்ளே இப்படி ஒரு பட்டை, இப்படி ஒரு முண்டு, நடுவே வழுக்க ஒரு பை. யார் வைத்தது இதையெல்லாம்? கண் கலங்கியது. பயத்தில் இல்லை. “ஆண்டவரே” என்று மட்டும் சொன்னாள். டாக்டரம்மா அந்த அசைவைப் போனில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆபரேஷன் வேண்டாம் என்றாள் வெனிலா. சோதித்துப் பார்ப்பதை முதலில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பை நசுங்குகிறது. பட்டையை இழுத்துத் தளர்த்த ஒரு பயிற்சி. புட்டத்துச் சதையைப் பலப்படுத்த, ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. ஆறு வாரத்துக்குச் சரிவில் நடக்கக் கூடாது.

“இவ்ளோ நடக்குற எனக்கா பலம் பத்தல?”

“பத்து தடவ தூக்குங்க, பாக்கலாம்.”

ஏழாவது தடவையில் கால் நடுங்கியது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இனி மறைக்க முடியாது. தண்டவாளம் பராமரிக்கும் கேங்குக்குத் தலைவரான மேட் மாசிலாமணியிடம் போய் நின்று, வீடியோவைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று முறை பார்த்தார். நான்காவது முறை மற்றவர்களையும் கூப்பிட்டார். கேங் ரூமே சுற்றி நின்று பார்த்தது.

“தோ பாருடா, எப்பிடித் தாண்டுது! எனுக்கும் இது கீதா, ராணி?”

“எல்லாருக்கும் கீதுண்ணா. சத்தம் போடாம வேல செய்யுது.”

அவர் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “ஆறு வாரம் கேட்டு வாங்கித் தர்றேன். ரயில்வே கேட்டாண்ட சமதரையில வேல பாரு. ஒடம்ப மறச்சி வச்சிக்கினு லைன்ல நடக்காத, தாயே.”

முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. சோதித்துப் பார்க்கக் கால் பரபரத்தது, அடக்கிக்கொண்டாள். நான்காவது வாரம் வலப்பக்கம் படுத்து விடியும்வரை தூங்கினாள். ஏப்ரலில் மறுபடி பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். இப்போது, பார்வை எட்டும் தூரத்துக்கு வண்டி இல்லையென்றால், கட்டைகளின் மேல் சமமாக நடந்தாள். சத்தம் எப்போதாவது லேசாக வரும். வலி இல்லை.

கடைசி முறையாக வெனிலாவைப் பார்த்துவிட்டுக் கணவனோடு விழுப்புரம் ஜங்ஷனுக்கு வந்தபோது, ஒரு வண்டி வந்து நின்று கூட்டம் இறங்கியது. கல்லூரிப் பெண்கள், மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஒரு பெரியவர், குழந்தையை இடுக்கிக்கொண்ட ஒரு பெண். எல்லோரும் மேம்பாலத்துப் படியில் ஏறினார்கள். நூறு நூறு இடுப்புகள். ஒவ்வொன்றிலும் அந்த வெள்ளைப் பட்டை, படிக்குப் படி, ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கிப் போகிறது.

“இன்னா அமலு, வாயப் பொளந்துக்கினு நிக்கிற?” என்றான் அந்தோணி பிரபு.

“ஜனங்க ஏறுறதப் பாருங்க” என்றாள் அவள்.

அவன் பார்த்தான். ஜனங்கள் படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.